வளையமா... புள்ளியா?

போன் அடித்தது.

வான்கோழியின் தொடையில் கத்தி இறங்கிய நேரம்.

மார்லீஸ் கைபேசியை எடுத்துக் காதில் வைத்தாள்.

"குளிர்பெட்டி எண் மூன்று. கதவு திறந்துள்ளது. பொறுப்பேற்க, எண் ஒன்றை அழுத்தவும்..."

பேசியது மனிதர் இல்லை. மருந்துகளையும் கிருமிகளையும் மைனஸ் எண்பது டிகிரியில் உறைய வைக்கும் ஆய்வுக்கூடத்துப் பெட்டி. தனக்கு வேர்த்தால் தானே போன் போட்டு ஆளைக் கூப்பிடும்.

"யாருக்கா?" என்றாள் தங்கை ஆன்கா, கத்தியை நிறுத்தாமல்.

"ஃப்ரீசர்."

"தேங்க்ஸ்கிவிங் விருந்து அன்னிக்குமா? உனக்கு ஒழுங்கா போன் பண்ற ஒரே ஆள் அதுதான். பேசாம அதையே கட்டிக்கோ."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மார்லீஸ் சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

இன்று காலை அந்தக் கதவைக் கடைசியாகத் திறந்தது அவள்தான்!

யோசித்து முடிப்பதற்குள் இணைப்பு துண்டித்துக்கொண்டது. ஒன்றை அழுத்த மறந்துவிட்டாள். மார்லீஸ் பொறுப்பேற்காவிட்டால் பெட்டி அடுத்த ஆளைக் கூப்பிடும்.

அடுத்த ஆள், ஆல்டன்.

ஆல்டன் ப்ரூவிட்!

அந்தப் பெயரை நினைத்தாலே மார்லீஸுக்கு வயிறு எரியும். இரண்டு வருஷமாக எரிகிறது. மாத்திரைக்குக் கேட்கும் எரிச்சல் இல்லை அது.

காரணம் ஒரு பூஞ்சை.

ஊருக்கு எதிரே கடலில் இருக்கும் தீவின் ஃபிர் மரக்காடுகளில் அது குடியிருக்கிறது. மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். அங்கே கொஞ்ச நாள் தங்கி, மூளைக்கு ஏறும். உடம்பின் காவல் செல்கள் அதைப் பிடிப்பதில்லை. காரணம், அது சர்க்கரையால் ஆன தடித்த உறை ஒன்றைப் போர்த்திக்கொண்டுதான் வரும்.

அந்த உறையில் போய் ஒட்டிக்கொண்டு, 'இதோ இருக்கிறான், பிடி' என்று காட்டிக்கொடுப்பதுதான் ஆன்டிபாடியின் வேலை. எல்லா ஆன்டிபாடியும் ஒரே மாதிரி ஒட்டாது. பச்சைச் சாயம் சேர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரியும். சில, உறையைச் சுற்றி முழு வளையம் போடும். சில, அங்கங்கே புள்ளி வைக்கும்.

வளையம் போட்டவை எலிகளைக் காப்பாற்றின.

புள்ளி வைத்தவை காப்பாற்றவில்லை. சில எலிகள் இன்னும் சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்தன.

ஆல்டனின் ஆன்டிபாடி வளையம் போடும். மார்லீஸுடையது புள்ளி வைக்கும். ஒரு காலத்தில் அவளுடையதும் வளையம்தான் போட்டது. அந்த ஆன்டிபாடியைச் சுரக்கும் செல்களை உறைய வைத்து எடுத்த பிறகு எல்லாம் கெட்டுப் போனது. தன் கைதான் கெடுத்தது என்று நொந்துபோனாள். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் ஆல்டன் வளையத்தோடு வந்து நின்றான். கைதட்டல்... கேக்... கட்டிப்பிடிப்பு.

கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தது மார்லீஸ். அன்று அவள் தின்ற துண்டு இன்னும் ஜீரணமாகவில்லை.

நாளை காலை மருந்துக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் கண் முன்னால் பரிசோதனை. வளையம் தெரிந்ததும் ஆல்டனுக்கு நிரந்தர வேலை. அந்த ஆய்வுக்கூடத்தில் இருப்பது ஒரே ஒரு நிரந்தர நாற்காலி.

அதனால்தான் இன்று காலை, தங்கை வீட்டுக்கு வரும் வழியில், ஆளில்லாத ஆய்வுக்கூடத்துக்குள் போனாள்.

மருந்துத் தரத்தில் தயாரித்து வந்திருந்த சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டில்கள். நீல ஸ்டிக்கர் ஆல்டனுடையது. மஞ்சள் ஸ்டிக்கர், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று தயாரித்த அவளுடையது. அந்தக் குளிரில் பசை பிடிக்காது. நகத்தால் நெம்பினால் ஸ்டிக்கர் கையோடு வந்துவிடும்.

நெம்பினாள்.

நீலத்தை மஞ்சள் இருந்த இடத்தில்... மஞ்சளை நீலம் இருந்த இடத்தில்... கட்டைவிரல் சூட்டில் அழுத்தி ஒட்டினாள்.

நாளை ஒரே ஒரு நாள் அவன் முகம் தொங்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அவசரத்தில் கதவைத் தோளால் இடித்துச் சாத்த மறந்துவிட்டாள். உறைபனி படிந்த கதவு. இடிக்காவிட்டால் மூடாது. அங்கே வேலை செய்யும் யாருக்கும் அது தெரியும்.

மறுபடி போன்!

இந்த முறை மனிதக் குரல். ஆய்வுக்கூடத்தின் தலைவி, டாக்டர் நயோமி பெரெல்.

"மார்லீஸ், எங்கே இருக்கே?"

"லாங்லில, தங்கச்சி வீட்ல டாக்டர். ஃப்ரீசர் விஷயம்னா இதோ கிளம்பிட்டேன்..."

"ஃப்ரீசரை விடு. ட்ரூடி ரொம்ப மோசமாயிட்டா."

ட்ரூடி தீவிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுவரப்பட்ட பெண். முப்பது வயது. மரம் ஏறிக் கிளை கழிப்பது தொழில். மூளை முழுக்கப் பூஞ்சை.

"எந்த மருந்தும் கேட்கலை. அரசாங்கத்துல அவசர அனுமதி குடுத்துட்டாங்க. நாளைக்குக் கம்பெனிக்காரங்க பார்க்கறது பார்க்கட்டும். இன்னிக்கே ஆல்டனோட ஆன்டிபாடியை ஏத்தப் போறேன்."

மார்லீஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"இ... இன்னிக்கா?"

"இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு அவ இருக்க மாட்டா. நீ வர்றப்போ நீல ஸ்டிக்கர் பாட்டில்களை வார்டுக்கு எடுத்துட்டு வந்துடு."

நீல ஸ்டிக்கர்.

அதற்குள் இப்போது இருப்பது, எலிகளைச் சீக்கிரம் அனுப்பி வைத்த சரக்கு!

"கொண்டு வரேன் டாக்டர். நானே கொண்டு வரேன்."

"அக்கா, ஒரு வாயாவது சாப்பிட்டுப் போ" என்று ஆன்கா கத்தியது, கார் கதவு சாத்தும் சத்தத்தில் காணாமல் போனது.

மழை. போர்ட் மான் பாலத்தின் மேல் வாகனங்கள் ஊர்ந்தன. ஊரே வான்கோழி தின்னப் போய்க்கொண்டிருந்தது.

மார்லீஸ் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் விரல்கள் வலித்தன.

நான் முதலில் போய்விட்டால் போதும். பெட்டியைத் திறப்பேன். ஸ்டிக்கரை மாற்றி ஒட்டுவேன். ஒரு நிமிஷ வேலை. ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது...

முதலில் போய்விட்டால்!

ஆய்வுக்கூடக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஆல்டன் நின்றுகொண்டிருந்தான்.

புதுச் சட்டை. சீவிய தலை. கையில், மூடி முத்திரை நாடா ஒட்டிய வெள்ளை மருந்துப் பெட்டி. பக்கத்தில் ஆஸ்பத்திரிப் பாதுகாப்பு அதிகாரி கில்ஹூலி. முன்னாள் போலீஸ். போலீஸை விட்டாலும் டோனட்டை விடாதவர். இப்போதும் ஒன்று கையில் இருந்தது.

"வா மார்லீஸ்" என்றான் ஆல்டன். "முதல் போன் உனக்குத்தானே வந்தது? நீ எடுக்கலைன்னு ஃப்ரீசர் என்கிட்ட வந்து அழுதுச்சு."

"பாலத்துல நெரிசல். பெட்டியைக் குடு, நான் கொண்டு போறேன். டாக்டர் என்கிட்டதான் சொன்னாங்க."

"எனக்கும் சொல்லிட்டாங்க. என் பிள்ளையை நானே தூக்கிட்டுப் போறேனே... உனக்கு எதுக்குச் சிரமம்?"

என் பிள்ளை! அந்த வார்த்தை மார்லீஸின் காதில் மிளகாயாக இறங்கியது.

"ஒரு தடவை திறந்து பார்த்துடலாம். கதவு திறந்து கிடந்திருக்கு, பாட்டில் இளகியிருந்தா?"

"பார்த்துட்டேன். கல்லு மாதிரி இருக்கு. கில்ஹூலி சார் எதிர்லதான் எடுத்து நாடா ஒட்டினேன்."

"ஆமா மேடம்" என்றார் கில்ஹூலி, உதட்டில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்துக்கொண்டே. "லீவு நாள்ல ஃப்ரீசர் கதவு தானா திறக்குமா, இல்ல யாராவது திறந்தாங்களான்னு பார்க்கத்தான் வந்தேன். நீங்க காலையில இந்தப் பக்கம் வந்தீங்களா?"

"நா... நானா?"

"கார் நிறுத்தற இடத்துல பார்த்த மாதிரி இருந்துச்சு."

"குடையை மறந்துட்டேன். எடுக்க வந்தேன்."

கில்ஹூலி அவள் தலையைப் பார்த்தார். மழையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"நல்ல குடை போலிருக்கு" என்றார்.

லிஃப்ட் மேலே ஏறியது. மூன்று பேர். ஆல்டன் மெல்லச் சீழ்க்கை அடித்தான்.

"நாளைக்கு எனக்கு ஆர்டர் வந்துடும் மார்லீஸ். உனக்கும் ஒரு இடம் வச்சிருக்கேன். என் கூட உதவிக்கு இரு. உறைய வைக்கற வேலை மட்டும் உன்கிட்டக் குடுக்க மாட்டேன், கோவிச்சுக்காதே."

மார்லீஸ் அந்தப் பெட்டியையே பார்த்தாள்.

வாயைத் திறந்தால் வேலை போகும். மானம் போகும். ஜெயிலுக்கே போக வேண்டி வரலாம். திறக்காவிட்டால்...

திறக்காவிட்டால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? சாகக் கிடந்தவள் செத்தாள் என்பார்கள். மருந்து தோற்றது என்பார்கள். ஆல்டனும் தோற்பான்!

அந்த நினைப்பு ஒரு நொடி இனித்தது. இனித்ததை அவளே உணர்ந்தாள். உடம்பெல்லாம் கூசியது.

லிஃப்ட் திறந்தது.

வார்டு வாசலில் ட்ரூடியின் கணவன் ஓவன் உட்கார்ந்திருந்தான். ஆறடி மனிதன் ஒரு சின்னப் பிளாஸ்டிக் நாற்காலியில் மடங்கிக் கிடந்தான். மடியில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை.

"இதுதானா அந்த மருந்து?" என்று எழுந்தான்.

"இதேதான். கவலையை விடுங்க, உங்க மனைவி எழுந்து உட்காருவாங்க" என்றான் ஆல்டன்.

ஓவன் அவனை விட்டு மார்லீஸைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க மேடம். அவ கால் ஜில்லுனு இருக்கு. எவ்வளவு தேய்ச்சாலும் சூடு வரமாட்டேங்குது. இது கேட்குமா?"

மார்லீஸ் காலுறையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

உள்ளே டாக்டர் பெரெல் தயாராக இருந்தார். நாடா கிழிந்தது. பாட்டில்கள் வெளியே வந்தன. உள்ளங்கையில் உருட்டி உருட்டி இளக வைத்தார். ஊசி ரப்பர் மூடியைக் குத்தியது. தண்ணீர் போன்ற திரவம் சிரிஞ்சில் ஏறியது.

ட்ரூடியின் கையில் செருகிய குழாயை நோக்கி ஊசி போனது.

"வேண்டாம் டாக்டர்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"அது ஆல்டன் மருந்து இல்லை. என்னோடது. புள்ளி வைக்கறது. காலையில நான்தான் ஸ்டிக்கரை மாத்தினேன்."

டாக்டர் பெரெலின் கை அந்தரத்தில் நின்றது.

"என்ன சொன்னே?"

"பொறாமை டாக்டர். நாளைக்குக் கம்பெனிக்காரங்க எதிர்ல அவன் அசிங்கப்படணும்னு நினைச்சேன். இன்னிக்கே ஒரு உயிருக்கு ஏத்துவீங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

ஆல்டனின் முகத்தில் ரத்தம் குப்பென்று ஏறியது.

"கேட்டீங்களா? கேட்டீங்களா டாக்டர்? இத்தனை நாள் கூடவே இருந்து குழி பறிச்சிருக்கா. கில்ஹூலி சார், இவளை விடாதீங்க. கடைசி வரைக்கும் இங்கேயே இருங்க. நீங்கதான் சாட்சி."

"நான் எங்கேயும் போகலை" என்றார் கில்ஹூலி.

டாக்டர் பெரெல் சிரிஞ்சைத் தட்டில் வைத்தார். அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நிறுத்தினது நல்லது மார்லீஸ். மாத்தினதை நான் மன்னிக்க மாட்டேன். கீழே ஃப்ரீசர்ல இருக்கற மஞ்சள் பாட்டில்களையும் எடுத்து, இந்த நீலத்தோட சேர்த்துப் பார்க்கணும். வாங்க. எல்லாரும்."

கீழே, மைக்ராஸ்கோப் அறை. விளக்கு அணைந்தது.

ட்ரூடியின் தண்டுவட நீரிலிருந்து எடுத்த பூஞ்சை. ஒரு கண்ணாடித் தகட்டில் நீல ஸ்டிக்கர் மருந்து. இன்னொன்றில் மஞ்சள். மேலே பச்சைச் சாயம். காத்திருந்த அந்த அரைமணி நேரத்தில் யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

முதலில் நீலம்.

இருட்டில் பச்சைப் பச்சையாகப் பொட்டுகள். உடைந்த மணிமாலை போல.

"புள்ளி" என்றார் டாக்டர்.

அடுத்தது மஞ்சள்.

ஒவ்வொரு பூஞ்சையைச் சுற்றியும் முழுசாக, பிசிறில்லாமல், பச்சை வளையம்!

"வளையம். அவ சொன்னது நிஜம். மாத்தித்தான் வச்சிருக்கா."

"அப்புறமென்ன டாக்டர்?" ஆல்டன் அவசரமாகக் கதவைத் திறந்தான். "மஞ்சள்ல இருக்கறது என் மருந்து. எடுத்துட்டுப் போய் ஏத்துங்க. இவளை போலீஸ்கிட்ட குடுங்க."

"இரு. இனம் பார்த்துடறேன்."

ஆல்டனின் கை கதவிலேயே நின்றது.

"எதுக்கு?"

"ஒருத்தி ஸ்டிக்கர்ல கை வச்சிருக்கா. இனிமே கண்ணால பார்த்ததை மட்டும் நம்பி மனுஷ உடம்புல ஏத்த மாட்டேன்."

ஆன்டிபாடிகளுக்கு இனம் உண்டு, நமக்கு ரத்த குரூப் இருப்பது போல. பிறந்தபோது ஒரு தடவை பார்ப்பார்கள். அதற்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை. கர்ப்பம் பார்ப்பது போன்ற ஒரு பட்டைதான். ஒரு சொட்டு விட்டால் கோடு விழும்.

"டாக்டர், நேரமாகுது! அங்கே ஒரு பொண்ணு செத்துட்டிருக்கா! வளையம் தெரிஞ்சாச்சு, இன்னும் என்ன வேணும்?"

"அஞ்சு நிமிஷம்."

"அஞ்சு நிமிஷத்துல என்ன வேணா ஆகலாம்!"

டாக்டர் பெரெல் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். கில்ஹூலியும் பார்த்தார். கையில் மிச்சமிருந்த டோனட்டைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மஞ்சள் ஸ்டிக்கர் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு.

கோடு விழுந்தது. ஒன்றாம் இடத்தில்.

நீல ஸ்டிக்கரிலிருந்து ஒரு சொட்டு.

கோடு விழுந்தது. மூன்றாம் இடத்தில்.

டாக்டர் பெரெல் பட்டைகளையே பார்த்தார். விரலால் தள்ளிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மறுபடி பார்த்தார்.

"ஆல்டன், உன் ஆன்டிபாடி பிறந்த அன்னிக்கு இனம் பார்த்தது யாரு?"

"நீங்கதான். அதெல்லாம் இப்போ எதுக்கு..."

"என்ன வந்தது?"

"எனக்கு ஞாபகமில்லை."

"எனக்கு இருக்கு. உன்னோடது மூணு. மார்லீஸோடது ஒண்ணு."

ஆல்டன் கதவிலிருந்து கையை எடுத்தான்.

மார்லீஸுக்குப் புரியவில்லை. "அப்படின்னா... மஞ்சள் பாட்டில்ல இருக்கறது..."

"உன்னோடது. வளையம் போடறது உன் ஆன்டிபாடி." டாக்டர் மஞ்சள் ஸ்டிக்கர் பாட்டில்களை அள்ளிக்கொண்டார். "முதல்ல ஊசி. மீதி அப்புறம். கில்ஹூலி, ரெண்டு பேரும் இங்கேயே இருக்கணும்."

"சொல்லணுமா டாக்டர்" என்று கில்ஹூலி கதவில் சாய்ந்து நின்றார்.

டாக்டரின் செருப்புச் சத்தம் மாடிப்படியில் தேய்ந்தது.

ஆல்டன் மார்லீஸை நோக்கிக் கையை நீட்டினான். "எல்லாம் இவ வேலை சார்! மாத்தினேன்னு இவளே ஒத்துக்கிட்டாளே!"

"அவங்க இன்னிக்கு மாத்தினாங்க" என்றார் கில்ஹூலி நிதானமாக. "மஞ்சள் ஸ்டிக்கரைக் கொண்டு போய் ஒரு பாட்டில்ல ஒட்டினாங்க. உள்ளே இருந்தது அவங்களோட சரக்கேதான். அப்போ அதுக்கு முன்னாடி அது உங்க நீல ஸ்டிக்கர்ல என்ன பண்ணிட்டிருந்தது? அதான் எனக்கு விளங்கலை. நான் பெரிசாப் படிக்காதவன், கொஞ்சம் விளக்குங்களேன்."

ஆல்டன் பார்வையைப் பட்டைகள் பக்கம் திருப்பினான்.

மார்லீஸ் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அப்போ நான் கெடுக்கலை. செல்களை நான் கெடுக்கலை..." அவள் ஆல்டன் பக்கம் திரும்பினாள். "உறைய வச்ச செல்லையே மாத்திட்டியாடா? உன்னோடதை என் பேர்ல வச்சுட்டு, என்னோடதை நீ எடுத்துக்கிட்டே. என் கைக்கு ராசியில்லைன்னு ரெண்டு வருஷமா அழுதிருக்கேன் ஆல்டன். உன் கேக்கை நான் வெட்டிக் குடுத்தேன்!"

"நீ ஏன் சோதிச்சுப் பார்க்கலை?" ஆல்டன் சீறினான். முகமூடி கழன்றுவிட்டது. "ஒரே ஒரு பட்டை. அஞ்சு நிமிஷம். பார்த்திருந்தா அன்னிக்கே மாட்டியிருப்பேன். தினம் தினம் பயந்துக்கிட்டே வருவேன். நீ பார்க்கவே இல்லை. உன்னோடதை எங்கே பார்த்தே? என்னோடதையே பார்த்துட்டிருந்தே!"

அவள் தலை குனிந்தாள். நிஜம்தான். இரண்டு வருஷம் அவன் வளையத்தை முறைத்ததில் கால்வாசி நேரம் தன் புள்ளியைக் கவனித்திருந்தால் போதும்.

"ஏன்டா அப்படிப் பண்ணினே?"

"ஏனா? உன் முதல் வளையத்தைப் படம் பிடிச்சு டாக்டர் அவங்க அறைச் சுவத்துல மாட்டினாங்களே, ஞாபகமிருக்கா? நான் தினமும் அதுக்குக் கீழேதான் உட்காரணும். போற வர்றவன் எல்லாம் நின்னு பார்ப்பான். மார்லீஸ் கைராசி... மார்லீஸ் கைராசின்னு காதுல விழும். எனக்குப் புள்ளி, உனக்கு வளையமா? நீ இன்னிக்கு ஒரு நாள் பொறாமையில தப்பு பண்ணிட்டு அழறே. நான் அந்தப் படத்துக்குக் கீழே எத்தனை நாள் எரிஞ்சேன்னு உனக்குத் தெரியுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் கதவில் சாய்ந்திருந்தவர் ஞாபகம் அவனுக்கு வந்தது.

"நீங்கதான் என்னை சாட்சியா இருக்கச் சொன்னீங்க சார்" என்றார் கில்ஹூலி. "நல்லாத் தெளிவாக் கேட்டுச்சு."

டாக்டர் பெரெல் திரும்பி வந்தபோது முகம் களைத்திருந்தது.

"ஏத்தியாச்சு. இனிமே பொறுத்துப் பார்க்கணும்." ஆல்டன் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. "செல்களை மறுபடி வளர்த்தேன், இப்போ வளையம் போடுதுன்னு இவன் வந்து நின்னப்போ எனக்கு சந்தோஷத்துல கண்ணு தெரியலை. மறுபடி இனம் பார்த்திருக்கணும். அது என் தப்பு."

மார்லீஸ் எழுந்து நின்றாள்.

"மருந்து மேல உன் பேர் போகும் மார்லீஸ். கம்பெனிக்கு நானே எழுதறேன்."

"டாக்டர்..."

"சாவியைக் குடு."

மார்லீஸுக்கு முதலில் விளங்கவில்லை.

"இவன் திருடன். சரி. ஆனா உனக்கு அது தெரியாது. பாட்டில்ல இருக்கறது விஷத்துக்குச் சமம்னு நினைச்சுக்கிட்டேதான் நீ ஸ்டிக்கரை ஒட்டினே. உன்னை நம்பி இனிமே என்னால ஒரு பாட்டிலை எடுக்க முடியாது."

மார்லீஸ் சாவியைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள். கேட்டு வாங்கிக்கொள்ள அவளிடம் நியாயம் எதுவும் இல்லை.

மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை மத்தியானம் தன் மேசையைக் காலி செய்தாள். வேலை போனவரை வாசல் வரை கொண்டுவிடுவது பாதுகாப்பு அதிகாரியின் கடமை. அட்டைப் பெட்டியைக் கில்ஹூலியே தூக்கிக்கொண்டு நடந்தார்.

வரவேற்பறையில் ஓவன் ஓடிவந்தான். தாடி மழிக்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன. ஆனால் சிரித்தான்.

"கண்ணைத் திறந்துட்டா மேடம்! நேத்து ஹாக்கில யாரு ஜெயிச்சாங்கன்னு கேட்டா. நம்ம ஆளுங்க தோத்துட்டாங்கன்னேன். அப்போ எதுக்கு என்னை எழுப்பினேன்னு திட்டறா!"

மார்லீஸ் சிரிக்கப் பார்த்தாள். அழுகைதான் வந்தது. ஓவனின் முரட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வளையம் தன்னுடையது என்று அவனிடம் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

வெளியே வந்தார்கள். கில்ஹூலி பெட்டியைக் காரின் பின் இருக்கையில் வைத்தார்.

"ஆல்டன் விஷயம் போலீஸுக்குப் போயாச்சு மேடம். மோசடி, திருட்டு, எல்லாம் வரிசையா நிக்குது."

"எனக்கு?" என்றாள் மார்லீஸ். "என்னையும் கைது பண்ணுவாங்களா?"

"அதைத்தான் இன்ஸ்பெக்டர் என்கிட்ட கேட்டுத் தலையைச் சொறியறார். தன் சரக்கைத் தானே திருடி, தன் ஸ்டிக்கரையே அது மேல ஒட்டி, கடைசியில தானே வந்து காட்டியும் குடுத்த கேஸை அவர் சர்வீஸ்லயே பார்த்ததில்லையாம். என்ன செக்‌ஷன்னு தேடிட்டிருக்கார்."

"பொறாமைப்பட்டேனே சார். ஒரு உயிரையே பணயம் வச்சிருப்பேன். அதுக்கு ஒண்ணுமே கிடையாதா?"

கில்ஹூலி சட்டைப் பையிலிருந்து ஒரு டோனட்டை எடுத்தார். பாதியைப் பிய்த்து அவளிடம் நீட்டினார்.

"பொறாமைப்பட்டவங்களை எல்லாம் உள்ளே தள்ள ஆரம்பிச்சா, வெளியே நின்னு பூட்டறதுக்கு ஒரு ஆள் மிஞ்ச மாட்டான் மேடம்."